கயாக்கில் கடல் தூண்டில்: எந்த ராட், எந்த ரீல்?

ஒரு வாசகர் கேட்டது, 28-01-2024

வணக்கம். புதிதாக 12 அடி கயாக் (சிறு துடுப்புப் படகு) வாங்கியிருக்கிறேன், மேலே உட்காரும் வகை. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் இறக்கி ஒரு கிலோமீட்டர் வரை உள்ளே போக எண்ணம். கரையிலிருந்து வீசுகிற 10 அடி ராடும் (தூண்டில் கம்பு) 8000 அளவு ரீலும் (நூல் சுற்றும் பொறி) ஏற்கெனவே இருக்கின்றன. வஞ்சிரம், பாறை என்று பெரிய மீன் மாட்டும் என்பதால் இதையே எடுத்துப் போவதுதான் சரி என்று நினைக்கிறேன். பெரிய ரீல் இருந்தால் பயமில்லையே? கயாக்குக்குத் தனி ராட் வேண்டும் என்பது கடைக்காரர்கள் பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.

28-01-2024, இரவு

என் பதில்: வேண்டாம். 10 அடி ராடை வீட்டிலேயே வையுங்கள். நல்ல ராடாகவே இருக்கலாம், ஆனால் கயாக்கில் வேலைக்கு ஆகாது.

கரையில் நிற்கிறவனுக்கு மீனை அலையே மணலில் கொண்டுவந்து போட்டுவிடும். கயாக்கில் அதை உங்கள் தொடைக்குப் பக்கத்தில் வரவழைத்துக் கையால் எடுக்க வேண்டும். ராட் நுனி உங்களிடமிருந்து 8, 9 அடி தள்ளி இருக்கிறது, லீடர் (கொக்கிக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) அங்கிருந்து தொங்குகிறது. உட்கார்ந்த இடத்தில் ஒரு கையில் ராடைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த லீடரை எப்படி எட்டுவீர்கள்? ராடைப் பின்னால் சாய்க்க வேண்டும். அது தலைக்குப் பின்னால் போகும். அந்த நேரம் பார்த்து மீன் அடியில் பாயும். ராட் உடைவதும் ஆள் விழுவதும் அந்த நொடியில்தான்.

என் பரிந்துரை: 7 அடி ராட், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (கம்பின் அடிப்பக்கம் தொங்கும் வகை), பி.இ. 2 (தடிமனைக் குறிக்கும் எண்) பிரெய்டு, அதாவது பின்னல் நூல், 40 பவுண்டு லீடர். கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் ஒன்பது வருடமாக நான் வைத்திருப்பது இதுதான்.

29-01-2024

நேற்று அவசரத்தில் 4000 என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். எண்ணை நம்பி ரீல் வாங்காதீர்கள். ஷிமானோ கம்பெனியில் சி5000 என்று இருப்பதற்கு 4000-இன் உடல்தான், ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் சக்கரம்) மட்டும் பெரிது. அதேபோல சி3000 என்றால் 2500-இன் உடல். டைவா கம்பெனியில் 2018-இல் எல்.டி. வரிசை ரீல்கள் வந்தபோது எண் கணக்கையே மாற்றினார்கள். அதற்கு முந்தைய டைவா ரீலின் எண் இன்றைய கணக்கில் அதைவிடப் பெரிய எண்ணுக்குச் சமம். பழைய ரீலைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

எண்ணுக்குப் பதிலாக இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எடை எவ்வளவு? 250 முதல் 350 கிராமுக்குள் இருந்தால் நல்லது. பி.இ. 2 நூல் எத்தனை மீட்டர் பிடிக்கும்? 200-க்குக் குறையக் கூடாது. உங்கள் 8000 ரீல் அரை கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தபடியே அதை வீசிப் பாருங்கள், மதியத்துக்குள் மணிக்கட்டு கேள்வி கேட்கும்.

29-01-2024, மாலை

நீளத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். அதைவிட முக்கியமானது கைப்பிடி. ரீல் உட்காரும் இடத்திலிருந்து பின்முனை வரைக்கும் உள்ள நீளத்தைச் சொல்கிறேன்.

நான் கயாக்குக்கென்று முதலில் வாங்கியது பாப்பிங் ராட் (நீர்மேல் செயற்கை இரை வீசும் வகை). 7 அடி 6 அங்குலம், பார்க்க அம்சமாக இருக்கும். ரீலுக்குப் பின்னால் மட்டும் 20 அங்குலம். படகில் நின்றுகொண்டு பின்முனையை வயிற்றில் ஊன்றி மல்லுக்கட்டுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை ராடை இடமிருந்து வலம் மாற்றும்போதும் அந்தப் பின்முனை லைஃப் ஜாக்கெட்டின் வாரில் மாட்டியது. வாரிலிருந்து எடுத்தால் இருக்கையின் கைப்பட்டையில் இடித்தது. ஒரு பாறை மீன் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும்போது ராடின் பின்முனை ஜாக்கெட்டின் பை ஜிப்பில் சிக்கிக்கொண்டது. ராட் திரும்பவில்லை, என் உடம்புதான் ராடோடு சேர்ந்து திரும்பியது. நூல் அறுந்து மீன் போனதில் எனக்கு வருத்தமில்லை. அறுந்திருக்காவிட்டால் நான்தான் தண்ணீருக்குள் போயிருப்பேன்.

இப்போதிருக்கும் ராடில் ரீலுக்குப் பின்னால் 13 அங்குலம். முழங்கையை மடக்கினால் முனை முழங்கைக்குக் கீழே அடங்கிவிடும். கடையில் ராடை நின்றபடி ஆட்டிப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முடிந்தால் லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பத்து முறை மாற்றிப் பாருங்கள். யார் பார்த்தால் என்ன?

01-02-2024

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் 6 அடியே போதுமே, இன்னும் கைக்கு அடக்கமாக இருக்கும். 7 அடி எதற்கு?"

நல்ல கேள்வி. கயாக்கில் மீன் ஒரு பக்கத்திலேயே நிற்காது. முன்முனையைச் சுற்றி மறுபக்கம் போகும். நூல் முன்முனைக்கு மேலாகச் சுற்றிப் போக வேண்டும் என்றால் ராட் நுனி அந்த முனையைத் தாண்டி நீள வேண்டும். தாண்டவில்லை என்றால் நூல் கயாக்கின் அடிவயிற்றில் உரசும். பிரெய்டு உரசினால் போச்சு. என் கணக்குப்படி 6 அடி ராடே கயாக் முனையைத் தாண்டிவிடும். கைக்கு அடக்கமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

04-02-2024

அளந்தேன். நான் சொன்னது தப்பு.

என் கயாக்கும் 12 அடிதான். இருக்கையின் முதுகிலிருந்து முன்முனை வரை 7 அடிக்கு அரை அங்குலம் குறைவு. கையை நீட்டினால் முதுகிலிருந்து பிடி வரை இரண்டரை அடி. 6 அடி ராடில் ரீலுக்கு முன்னால் 5 அடி. கூட்டினால் ஏழரை. தாண்டுகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நூலின் நுனியைத் தம்பி கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். ராட் வளைந்தது. வளைந்த ராட் நீண்ட ராட் இல்லையே! நுனி ஒன்றரை அடி உள்ளே வந்து, கயாக் முனைக்கு ஓர் அடி முன்னாலேயே நின்றுவிட்டது. மீன் இல்லாத ராடை வைத்துப் போட்ட கணக்கு அது.

7 அடி ராடில் அதே இழுப்பு, அதே வளைவு. நான் கொஞ்சம் முன்னால் குனிந்ததும் நுனி முனையைத் தாண்டியது. சும்மா உட்கார்ந்திருந்தபோது தாண்டவில்லை. ஆகவே 12 அடி கயாக்குக்கு 7 அடி என்பதைக் கீழ்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி கயாக் வைத்திருப்பவருக்கு ஆறரை போதும். ராட் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் கயாக்கின் முன்பாதி. மீனுக்கு அதில் பங்கு இல்லை. வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.

06-02-2024

ஏழரை அடி ராட் ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் ஆகும். 8 வேண்டாம்.

11-02-2024

பெரிய ரீல் இருந்தால் பயமில்லையே என்று முதலில் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அந்தக் கேள்வி ஒரு வாரமாக மனதில் கிடந்தது. பெரிய ரீலை விற்பதே டிராக்கைச் சொல்லித்தான், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுப் பிடிக்கும் பிரேக்கைச் சொல்லி. 12 கிலோ டிராக், 15 கிலோ டிராக் என்று பெட்டியில் போட்டிருக்கும். இன்று காலை முட்டுக்காடு உப்பங்கழியில் அதைச் சோதித்துப் பார்த்தோம்.

நண்பர் ஒருவர் கரையில் நின்றார். அவர் கையில் மீன் எடை பார்க்கும் தொங்குதராசு, அதன் கொக்கியில் என் நூல். நான் 20 மீட்டர் தள்ளிக் கயாக்கில். கயாக், நான், சாமான் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 115 கிலோ. டிராக்கை முழுசாக இறுக்கிவிட்டு, முன்முனை அவரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து இழுக்கச் சொன்னேன். கயாக் பாட்டுக்கு அவர் பின்னால் போனது. தராசு 2 கிலோவைத் தாண்டவில்லை. ஓடி இழுத்தார், 4-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. அவ்வளவுதான். 15 கிலோ டிராக்குக்கு அங்கே வேலையே இல்லை. மீன் உங்களை இழுத்துக்கொண்டு போகும்போது கயாக்கே டிராக். பெரிய மீன்கூடக் கயாக்கை இழுத்து இழுத்தே களைத்துப்போவது இதனால்தான்.

அப்புறம் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னேன். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 3 கிலோ வரை சௌகரியமாகத் தாங்கினேன். 5 வந்தபோது என்னை அறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். கயாக்கின் ஓரம் தண்ணீரைத் தொட்டு, காலடிக் குழிக்குள் தண்ணீர் ஏறியது. கவிழவில்லை. கழியில் அலை இல்லை, அதனால் கவிழவில்லை. கடலில் அதே நேரம் ஓர் அலை வந்திருந்தால் கதை வேறு.

ஆகவே டிராக்கை 3 கிலோவில் வையுங்கள். பி.இ. 2 என்றால் நல்ல நூலில் 30 பவுண்டுக்குக் குறையாது, அதாவது 13 கிலோவுக்கு மேல். அதில் கால் பங்கு டிராக் வைப்பது பொது வழக்கம், அதுவும் 3 கிலோவைத்தான் சொல்கிறது. தராசு வைத்து அளந்து அமைத்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்கிற ஆளிடம் தராசைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு ஒன்றரை கிலோதான் இருக்கும், மீதிப் பேருக்கு ஆறு.

டிராக்கில் பார்க்க வேண்டியது எத்தனை கிலோ என்பதல்ல. 3 கிலோவில் நூல் திக்காமல் திணறாமல் ஒரே சீராக ஓடுகிறதா என்பதுதான். விட்டு விட்டு ஓடுகிற டிராக் ஒவ்வொரு திக்கலிலும் ஒரு வெட்டு வெட்டும்.

13-02-2024

கோவளம் குப்பத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், கட்டுமரத்தில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர். நேற்று மேலே எழுதிய சோதனையை அவரிடம் சொன்னேன். வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். பிறகு வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நடு மடிப்பில் ஒரு பள்ளம், சிலேட்டில் ஆணியால் கீறியது மாதிரி. தூண்டில் நரம்பு ஓடி ஓடி விழுந்தது. விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொண்டுதான் போடுவார்களாம், அதையும் மீறி வந்த பள்ளம்.

"நமக்கு இந்த வெரல்தான் தம்பி டிராக்கு. சூடு ஏறுனா விட்டுரணும். அது உன்ன இழுக்கட்டும், நீ அத இழுக்காத. நீ இழுத்தா சண்ட, அது இழுத்தா சவாரி."

தராசோடு ஒரு காலை முழுக்க மல்லாடி நான் கண்டுபிடித்ததை அவர் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார். பாகக் கணக்கில் (இரு கை விரித்த அளவு) ஆழம் சொல்லி, எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறது, எங்கே கலவா மீன் நிற்கும் என்றும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய சோறு.

18-02-2024

"நீங்கள் வைத்திருக்கும் ரீல் எப்படி?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்குக் கேட்டால் கோபம்தான் வருகிறது. காலையில் நல்ல மீன் ஒன்று மாட்டியது, வஞ்சிரமாகத்தான் இருக்க வேண்டும், முதல் ஓட்டமே அப்படி. 3 கிலோவில் அளந்து வைத்த டிராக் திடீரென்று ஒன்றுமே இல்லாத மாதிரி வழுக்கியது. இறுக்கினேன், வழுக்கியது. முழுசாக இறுக்கினேன், அப்போதும் வழுக்கியது. கைப்பிடியைச் சுற்றினால் ரீல் சுற்றுகிறது, நூல் வரவில்லை. மீன் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. டிராக் தட்டு எரிந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வருட ரீல். இந்த ரீலை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

19-02-2024

மேலே எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ரீல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ராத்திரி பிரித்துப் பார்த்தேன். டிராக் தட்டுகள் புதிது போல இருந்தன. பிறகு ஸ்பூலைக் கையில் பிடித்து நூலை இழுத்தேன். ஸ்பூல் அசையவில்லை, அதன் மேலிருந்த நூல்கட்டு மொத்தமும் ஒரு வளையல் மாதிரி சுற்றியது. போன மாதம் புது நூல் ஏற்றியபோது பிரெய்டை நேராக உலோக ஸ்பூலில் கட்டிவிட்டேன். பிரெய்டு வழவழப்பானது, வெறும் உலோகத்தைப் பிடிக்காது. அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும், அல்லது ஸ்பூலில் ஒரு சுற்று டேப் ஒட்ட வேண்டும். தெரிந்த விஷயம்தான், அன்றைக்குச் செய்யவில்லை. டிராக் போய்விட்டது என்று ரீலைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

25-02-2024

தண்ணீர் புகாத ரீல் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒருவர் சொல்கிறார்: "ஐ.பி.எக்ஸ்5 என்று போட்ட ரீல் வாங்கிவிட்டேன், இனிமேல் கடலில் விழுந்தாலும் கவலையில்லை."

கவலை உண்டு. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் அதைவிட வேகமாகப் பீய்ச்சுவதைத் தாங்கும். தண்ணீருக்குள் மூழ்குவதைத் தாங்குவது 7-இலிருந்துதான், அதுவும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பது கணக்கு. பென் கம்பெனி ரீல்களில் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் வரிசை ஐ.பி.எக்ஸ்5, ஸ்லாமர் மூன்றாம் வரிசை ஐ.பி.எக்ஸ்6. இரண்டும் அலைத் தெறிப்புக்கு அருமையாகத் தாங்கும். முழுக்குப் போட அவை செய்யப்படவில்லை.

கயாக்கில் ரீல் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது மடியிலேயே கடல் இருக்கும். மீனை எடுக்கக் குனியும்போது ராடைத் தொடைக்கடியில் செருகினால் ரீல் காலடிக் குழியில் உப்புத் தண்ணீரிலேயே ஊறும். படகில் போகிறவருக்கு வருடத்தில் ஒரு முறை நடப்பது நமக்கு ஒரு காலையில் நாலு முறை நடக்கும்.

அதனால் சீல் (தண்ணீர் புகாத அடைப்பு) வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டாம், நன்றாகக் கழுவினால் போதும் என்று சொல்லியிருப்பேன். அப்போது சீல் இல்லாத ரீல் ஒன்றை நாலு வருடம் கழுவிக் கழுவியே ஓட்டினேன். சுற்றும்போது கீச் கீச் என்று சில்வண்டு மாதிரி சத்தம் வரத் தொடங்கியது. திறந்தால் உள்ளே பல்சக்கரம் எல்லாம் பளபளவென்று இருந்தது. சத்தம் நூல் உருளையிலிருந்து. நூல் மடங்கித் திரும்புகிற அந்தச் சின்ன உருளைக்குள் அரிசியைவிடச் சின்னக் குண்டுகள் கொண்ட பேரிங் இருக்கிறது. அதன் மேல் வெள்ளையாக உப்பு பூத்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நூலோடு வரும் தண்ணீர் முழுக்க அந்த உருளை வழியாகத்தானே போகிறது? உடல் எவ்வளவு சீல் செய்யப்பட்டிருந்தாலும் உருளை வெளியேதான் இருக்கும். உருளைக்கும் சீல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்று முறை போய்வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டுக் கழுவுங்கள், தண்ணீர் தட்டுகளுக்குள் போகாது. கழுவித் துடைத்ததும் தளர்த்திவிடுங்கள், தட்டுகள் அழுந்திக் கிடக்கக் கூடாது. பைக் கழுவும் பிரஷர் பைப்பைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், அது உப்பை உள்ளே தள்ளிவிடும். பூந்தூறல் மாதிரி விட்டால் போதும்.

26-02-2024

நேற்று விட்டுப்போனது: ரீலை மட்டும் கழுவி ராடை மறந்துவிடுகிறோம். வளையங்களின் காலடியில் உப்பு தங்கித் துரு பிடிக்கும். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் வட்டத்தில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிரெய்டை அறுத்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சுற்று சுற்றுங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அந்த வளையம் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ராட் வாங்கும்போதும் பையில் ஒரு பஞ்சுக் குச்சியோடு போங்கள்.

03-03-2024

கார்பனா, கண்ணாடி இழையா?

இரண்டு கார்பன் ராட் உடைந்த பிறகு எழுதுகிறேன். முதல் ராட் உடைந்தது என் தவறால். ஷீலா ஒன்று, எங்கள் வீட்டுப் பக்கம் ஊளி என்போம், பக்கத்தில் வந்ததும் கயாக்குக்கு அடியில் பாய்ந்தது. நான் ராடைத் தலைக்கு மேலே தூக்கினேன். நேர் மேலே தூக்கினால் வளைவு முழுக்க நுனிப் பகுதிக்குப் போய்விடும், அடிக்கம்பு வேலை செய்யாது. நுனியிலிருந்து ஒன்றரை அடியில் பட்டாசு மாதிரி வெடித்தது. மீன் அடியில் போனால் செய்ய வேண்டியது நேர் எதிரானது: ராட் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, முன்முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். மேலே 7 அடி வேண்டும் என்று அளந்தேனே, அந்த நீளம் இங்கேதான் உயிர் காக்கும்.

இரண்டாவது ராட் ஒன்றுமே இல்லாமல் உடைந்தது. சின்னப் பாறை மீன், அரை கிலோகூட இருக்காது. பிறகு யோசித்தேன். அதற்கு முந்தைய வாரம் கயாக்கை வண்டியிலிருந்து இறக்கும்போது ராட் மேல் துடுப்பு விழுந்தது. கார்பன் அப்படித்தான், அடிபட்ட இடம் வெளியே தெரியாது, இன்னொரு நாள் சும்மா இருக்கும்போது காட்டும்.

கண்ணாடி இழை கலந்த ராட் எடை அதிகம், கடிப்பது கைக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது, ஆனால் அடி தாங்கும். ஷேக்ஸ்பியர் கம்பெனியின் அக்லி ஸ்டிக் ராட் 1976-இலிருந்து கார்பனையும் கண்ணாடி இழையையும் கலந்து வருகிறது. ராட் ஹோல்டரில் போட்டுவிட்டுத் துடுப்பு வலித்துக்கொண்டே பின்னால் லூர் (செயற்கை இரை) இழுத்துப் போகிறவருக்கு அந்த மாதிரி ராட்தான் சரி. கையில் பிடித்து வீசுகிறவருக்குக் கார்பன். முதல் ராட் வாங்குகிற ஒருவர் என்னைக் கேட்டால் இன்று கலவையைத்தான் சொல்வேன். ஜனவரியில் கேட்டிருந்தால் கார்பன் என்று சொல்லியிருப்பேன். இந்தப் பதில்களை எழுதி எழுதித்தான் எனக்கே மனது மாறியிருக்கிறது.

03-03-2024, இரவு

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் ராடை ஹோல்டரில் செங்குத்தாக நிறுத்தி வைக்காதீர்கள், படுக்கப் போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

09-03-2024

பெய்ட்காஸ்டர் (கம்பின் மேல்பக்கம் உட்காரும் வகை ரீல்) பற்றிக் கேட்டவருக்கு: முட்டுக்காட்டில் கொடுவா மீனுக்கு அழகாக இருக்கும், குறி வைத்து வீசலாம். கடலில் காற்றுக்கு எதிராக வீசினால் நூல் சிக்கு விழும். ஆடுகிற கயாக்கில் உட்கார்ந்து சிக்கு எடுப்பது தலைசுற்றலை வரவழைக்கும். முதல் ரீல் ஸ்பின்னிங்காகவே இருக்கட்டும்.

10-03-2024

கோவளத்தில் இறக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் எந்த ராட் வாங்கச் சொன்னாலும் அது முதல் நாளே போய்விடும்.

காலையில் கரைக்காற்று, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், சிரமமில்லை. பத்து பதினோரு மணிக்குமேல் கடல்காற்று எழும்பிவிடும், திரும்பி வரும்போது கரையோரம் அலை வேறு மாதிரி. போன வருடம் நான் இரண்டு ராடை இருக்கைக்குப் பின்னால் ஹோல்டரில் நிறுத்தியபடியே கரைக்கு வந்தேன். பின்னாலிருந்து ஓர் அலை தூக்கி, கயாக்கைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. இடுப்பளவு தண்ணீர்தான், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கவிழ்ந்த கயாக்கின் எடை முழுக்க ராட் நுனிகள் மேல் இறங்கி மணலில் குத்தியது. ஒரு ராட் மூன்று துண்டு. இன்னொன்று உடையவில்லை, ஹோல்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டது. குப்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் முங்கி முங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதிலிருந்த ரீல் என் அக்கா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது.

அன்றிலிருந்து அலையைத் தாண்டும்போது, போகும்போதும் வரும்போதும், ராட் படுத்த நிலையில் கயாக்கோடு வாரால் கட்டப்பட்டிருக்கும். உள்ளே போன பிறகுதான் நிமிரும். நிமிர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் சுருள் கயிறு மாட்டுவேன், ஏனென்றால் ராடும் ரீலும் மிதக்காது. இரண்டு துண்டாகக் கழற்றும் ராட் என்றால் கழற்றி மீன்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். அதனால் ஒரே துண்டு ராடுதான் உயர்ந்தது என்று சொல்பவர்களை நம்பி அலைய வேண்டாம். இணைப்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள், உப்பில் இறுகாது.

17-03-2024

கேட்டவர் எழுதியிருக்கிறார், வாங்கிவிட்டாராம்: 7 அடி, இரண்டு துண்டு, கலவை ராட், ரீலுக்குப் பின்னால் பதின்மூன்றரை அங்குலம். ரீல் 4000 அளவு, 290 கிராம், உருளைக்கும் சீல் உண்டு. பட்ஜெட்டை 700 ரூபாய் தாண்டிவிட்டது என்று வருத்தப்படுகிறார். அந்த 10 அடி ராடை வீட்டில் வைத்துவிட்டார், எனக்கு அதுவே நிம்மதி.

தம்பி, அந்த 700-ஐ நூலில் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெயர் தெரியாத மலிவு பிரெய்டில் போட்டிருக்கும் பவுண்டு கணக்கும் தடிமன் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பி.இ. 2 என்றால் சுமார் 0.235 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்த நூலை 2 என்று விற்பார்கள், ஸ்பூலில் பாதிதான் ஏறும்.

24-03-2024

லீடருக்குப் பதிலாக உலோக வயர் போடலாமா என்ற கேள்விக்கு: ஷீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல் கத்தி மாதிரி. லூருக்கு முன்னால் ஒரு சாண் வயர் போட்டால் அறுக்காது, ஆனால் தெளிந்த தண்ணீரில் வஞ்சிரம் அதைப் பார்த்து விலகுகிறது என்பது என் அனுபவம். நான் 60 பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பை ஒரு முழம் போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்ப்பேன், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுவேன். முதலில் 40 என்று எழுதியிருந்தேன். பாறைக்கும் கொடுவாவுக்கும் அது சரி, பல்லுள்ள மீனுக்கு இல்லை.

14-04-2024

புத்தாண்டு வாழ்த்துகள். நாளை தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், தூரத்து இஞ்சின் சத்தம் குறைந்திருக்கும். துடுப்புப் போடுகிற நமக்குத் தடையில்லை.

தம்பி, அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோவளத்தில் இருப்பேன். தராசைக் கொண்டுவருகிறேன், உங்கள் டிராக்கை மணலிலேயே அளந்துவிட்டு இறக்கலாம். ஸ்பூலுக்கு அடியில் நரம்பு சுற்றினீர்களா?